கூட்டுப்பணிச் சேவையகமும் தமிழ்க் கோப்புகளும்: நெய்வேலியை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

பெருநிறுவனங்களில் ஆவணங்களைப் பலர் சேர்ந்து உருவாக்கவும் பகிரவும் தேடவும் பாதுகாக்கவும் உதவும் மென்பொருள் அமைப்பு கூட்டுப்பணிச் சேவையகம் எனப்படுகிறது. அதனை நிறுவுவதும் நிர்வகிப்பதும் கணினித் துறையின் பணியாக மட்டும் கருதப்படுகின்றன. கோப்புக்குப் பெயரிடுதல், உரிமை வகுத்தல், காலம் குறித்தல் ஆகிய பழைய பதிவறை ஒழுங்குகளே இப்பணியின் உட்கூறு என்பதையும், தமிழில் அமைந்த ஆவணங்கள் இதில் தனிக் கவனம் வேண்டுவன என்பதையும் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நகரியத்தின் சூழலை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கூட்டுப்பணிச் சேவையகம், ஷேர்பாயிண்ட், ஒருங்குறி, அகரவரிசை, பொதுப் பதிவேடுகள் சட்டம், நெய்வேலி.

முன்னுரை

1935ஆம் ஆண்டு ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட கரிய பொருளே நெய்வேலியின் வரலாற்றைத் தொடங்கி வைத்தது. 1956இல் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் பதிவுசெய்யப்பட்டது. 1962இல் முதல் அனல்மின் அலகு இயங்கத் தொடங்கியது. 2016இல் நிறுவனத்தின் பெயர் என்.எல்.சி. இந்தியா லிமிடெட் என மாறியது. மூன்று திறந்தவெளிச் சுரங்கங்கள், அனல்மின் நிலையங்கள், மருத்துவமனை, பள்ளிகள், எண்ணிட்ட வட்டங்களாகப் பிரிந்த நகரியம் என ஒரே நிர்வாகத்தின்கீழ் பலவகைப் பணிகள் இங்கு நடைபெறுகின்றன. நிறுவனத்தின் அலகுகள் தூத்துக்குடியிலும், இராசத்தான் மாநிலம் பர்சிங்சரிலும், ஒடிசாவின் தாலபிராவிலும் உள்ளன.

இத்தகைய நிறுவனத்தில் உருவாகும் ஆவணங்களின் வகையை எண்ணிப் பார்க்க வேண்டும். பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரை இடைவிடாது இறைத்தால்தான் இங்குச் சுரங்கப்பணி நடைபெறும். எனவே நீரேற்றக் குறிப்புகள் நாள்தோறும் சேர்கின்றன. சக்கர வாளி அகழ்விகளின் பராமரிப்புக் குறிப்புகள், கொதிகலன் வரைபடங்கள், நகரிய வீட்டு ஒதுக்கீட்டு ஆணைகள் ஆகியவை வேறொரு வகை. இவற்றோடு நிலம் கொடுத்த குடும்பங்களைப் பற்றிய கோப்புகள் உள்ளன. முன்னவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமைய, நிலக் கோப்புகளின் உயிர்ப்பகுதிகளான பட்டா, அடங்கல், மனு, வாக்குமூலம் ஆகியன தமிழில் அமைந்துள்ளன. நடுவணரசு நிறுவனம் என்பதால் இந்தியும் சேர்கிறது. மூன்று மொழிகளும் ஒரே சேவையகத்தில் வந்து தங்கும் சூழல் இது. இக்கட்டுரை அந்நிறுவனத்தின் கணினி அமைப்பை விவரிப்பதன்று. அத்தகைய சூழல் ஒரு சேவையகத்திடம் எவற்றைக் கேட்கும் என்பதை ஆராய்வதாகும்.

கோப்பு நகர்வும் கோப்பிருப்பும்

கூட்டுப்பணி மென்பொருள் என்ற எண்ணம் புதியதன்று. 1989இல் வெளிவந்த லோட்டஸ் நோட்ஸ், மின்னஞ்சலையும் ஆவணக் களஞ்சியத்தையும் ஒரே இடத்தில் இணைத்தது. 1995இல் ஐ.பி.எம். வசமான அது 2019இல் இந்தியாவின் எச்.சி.எல். நிறுவனத்திடம் வந்தது. மைக்ரோசாஃப்டின் ஷேர்பாயிண்ட் 2001இல் தோன்றியது. திறந்த மூல வகையில் 2016இல் ஓன்கிளவுடிலிருந்து கிளைத்த நெக்ஸ்ட்கிளவுட் பரவலாக அறியப்பட்டது. இந்திய அரசு அலுவலகங்களில் வழங்கும் இ-ஆபீஸ், தேசியத் தகவலியல் மையம் உருவாக்கியதாகும்.

இவற்றுள் இ-ஆபீஸ் ஒருவகை, ஏனையவை வேறுவகை. நடுவண் செயலக அலுவலக நடைமுறைக் கையேட்டை அடியொற்றி அமைந்த இ-ஆபீஸில் கோப்பு ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு நகர்கிறது. பச்சைத்தாளில் குறிப்பெழுதும் பழைய வழக்கம்கூடத் திரையில் பச்சை நிறக் குறிப்புப் பக்கமாகவே தொடர்கிறது. யார் பார்த்தார், யார் ஒப்பமிட்டார், எவரிடம் தங்கியுள்ளது என்பன அங்கு முதன்மை பெறும். ஷேர்பாயிண்ட் போன்றவற்றில் ஆவணம் ஓரிடத்தில் நிற்க, மனிதர்கள் அதனிடம் வருகிறார்கள். முன்னது தபாலின் வழித்தோன்றல். பின்னது பதிவறையின் வழித்தோன்றல். ஒன்றினிடத்தில் மற்றொன்றைப் பயன்படுத்த முனையும்போது குழப்பம் விளைகிறது. ஒப்புதல் வேண்டும் முன்மொழிவைப் பகிர்வுக் கோப்புறையில் போட்டுவிட்டுக் காத்திருப்பதும், ஆயிரம் பக்க வரைபடத் தொகுதியை இ-ஆபீஸ் கோப்பின் இணைப்பாகச் சுமத்துவதும் இதற்கு எடுத்துக்காட்டுகள்.

இடம் தேர்தலும் சட்டமும்

சேவையகத்தைச் சொந்த வளாகத்தில் வைப்பதா, மேகக்கணிமையில் வாடகைக்குக் கொள்வதா என்பது முதல் வினா. இது செலவுக் கணக்காகவே பெரும்பாலும் பேசப்படுகிறது. பொதுத்துறை நிறுவனத்திற்கு இது சட்ட வினாவும் ஆகும்.

1993ஆம் ஆண்டின் பொதுப் பதிவேடுகள் சட்டம் நடுவணரசின் கட்டுப்பாட்டிலுள்ள கழகங்களையும் தன் வரம்பிற்குள் கொண்டுள்ளது. அலுவல் நோக்கத்திற்கன்றி, நடுவணரசின் முன் ஒப்புதலின்றிப் பொதுப் பதிவேட்டை இந்தியாவுக்கு வெளியே கொண்டு செல்வதை அச்சட்டத்தின் 4ஆம் பிரிவு தடைசெய்கிறது. இணையம் பரவலாகாத காலத்தில் காகிதத்தை எண்ணி எழுதப்பட்ட இவ்விதி, தரவு மையம் எந்த நாட்டில் உள்ளது என்னும் இன்றைய வினாவுக்குப் பொருந்துவது வியப்புக்குரியது. விதித்த முறையிலன்றிப் பதிவேட்டை அழித்தலாகாது என்கிறது 8ஆம் பிரிவு. இவ்விரு பிரிவுகளை மீறுவோருக்கு 5 ஆண்டுவரை சிறை, 10,000 ரூபாய்வரை தண்டம் அல்லது இரண்டும் உண்டு.

2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இன்னும் நேரடியாகப் பேசுகிறது. பதிவேடுகளைப் பட்டியலிட்டு, சுட்டு அமைத்து, கணினிமயமாக்கத் தக்கவற்றைக் கணினிமயமாக்கி வலைப்பின்னல்வழி இணைக்க வேண்டும் என்பது அதன் 4ஆம் பிரிவின் முதற்கூறு. கேட்பவர் வந்தபின் தேடுவதை அன்று, கேட்கும்முன்பே ஒழுங்குபடுத்துவதை இப்பிரிவு கடமையாக்குகிறது. கூட்டுப்பணிச் சேவையகம் அலுவலக வசதி என்ற நிலையிலிருந்து சட்டக்கடமையை நிறைவேற்றும் கருவி என்ற நிலைக்கு இங்குதான் உயர்கிறது.

நிறுவுதல்

ஷேர்பாயிண்ட் சேவையகத்தை நிறுவுவது ஒரு நிரலை ஒரு கணினியில் இடுவது போன்றதன்று. பயனரின் கோரிக்கையைப் பெறும் முகப்புச் சேவையகம், தேடல் முதலிய பணிகளைச் செய்யும் பயன்பாட்டுச் சேவையகம், எல்லாவற்றையும் சேமிக்கும் தரவுத்தளச் சேவையகம் ஆகியன சேர்ந்த தொகுதி அது. எஸ்.க்யூ.எல். சர்வர் தரவுத்தளமும், பயனர்களை அடையாளங்காணும் ஆக்டிவ் டைரக்டரி களமும் முன்னரே இருந்தாக வேண்டும். பயனர் காணும் கோப்புறை உண்மையில் வட்டிலுள்ள கோப்புறையன்று. தரவுத்தள அட்டவணையின் வரிசைகள் அவ்வாறு காட்டப்படுகின்றன. இதனை உணராமையால் விளையும் இடர்கள் பல.

அவற்றுள் ஒன்று 5000 என்னும் எண். ஒரு பட்டியற் காட்சிக்கு 5000 உருப்படிகள் என்பது ஷேர்பாயிண்டின் இயல்பு வரம்பு. ஒரே வினவலுக்காக ஏறத்தாழ அவ்வளவு வரிசைகள் பூட்டப்படும்போது எஸ்.க்யூ.எல். சர்வர் அட்டவணை முழுவதையும் பூட்டிவிடக்கூடும். ஒருவர் ஒரு பட்டியலைத் திறந்ததற்காக ஏனையோர் அனைவரும் காத்திருக்க நேரும். அதனைத் தடுக்கவே இவ்வரம்பு. நீரேற்றக் குறிப்புகளை மணிக்கு ஒன்றாகப் பதிந்தால் ஓராண்டில் 8,760 பதிவுகள் சேரும். ஒரே ஒரு எக்கியின் பட்டியல்கூட ஏழு மாதத்திற்குள் வரம்பைத் தொட்டுவிடும். நாள், எக்கி எண் முதலிய புலங்களுக்குப் பட்டியல் சிறிதாக இருக்கும்போதே சுட்டு அமைப்பதும், ஆண்டு வாரியாகக் காட்சிகளைப் பிரிப்பதும் இதற்குரிய வழி. இத்தகைய எண்வரிசைத் தரவுக்குத் தனித் தரவுத்தளமே ஏற்றது என்பாரும் உளர், அது சரியே. ஆயினும் நடைமுறையில் அலுவலகங்கள் கையில் கிடைத்த பட்டியலில்தான் பதியத் தொடங்குகின்றன.

நிறுவுகையில் கைக்கொள்ள வேண்டிய மற்றொரு ஒழுங்கு, கணக்குகளைப் பிரித்து வைத்தல். நிறுவும் கணக்கு, தொகுதியை இயக்கும் கணக்கு, தேடலுக்கான கணக்கு, தரவுத்தளக் கணக்கு ஆகியவை வேறுவேறாக, ஒவ்வொன்றும் தன் பணிக்குத் தேவையான அளவு உரிமை மட்டும் உடையதாக இருத்தல் வேண்டும். நிர்வாகியின் சொந்தக் கணக்கிலேயே அனைத்தையும் நிறுவிவிட்டால், அவர் கடவுச்சொல்லை மாற்றும் நாளில் சேவைகள் நிற்கும். அவர் ஓய்வுபெறும் நாளில் அமைப்பே உரிமையாளரை இழக்கும். உள்ளடக்கத் தரவுத்தளம் ஒவ்வொன்றும் 200 கிகாபைட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது மைக்ரோசாஃப்டின் பரிந்துரை. இது சேமிப்பின் எல்லை அன்று, மீட்டெடுக்கும் நேரத்தின் எல்லை.

யாருக்கு எந்தக் கோப்பு

அணுகல் உரிமையைத் தனிமனிதருக்கு வழங்காமல் பதவிக்கும் பிரிவுக்கும் வழங்க வேண்டும் என்பது பாலபாடம். இடமாற்றமும் பதவி உயர்வும் ஓய்வும் மாதந்தோறும் நிகழும் நிறுவனத்தில் பெயர் பெயராக வழங்கிய உரிமைகள் சில ஆண்டுகளில் எவராலும் படிக்க இயலாத வலையாகிவிடும். சுரங்கத்திலிருந்து மின் நிலையத்திற்கு மாறியவர் பழைய இடத்தின் கோப்புகளைத் தொடர்ந்து திறக்கவும், புதிய இடத்தின் கோப்புகளைத் திறக்க இயலாமல் பிறர் கடவுச்சொல்லைக் கேட்கவும் நேரிடும். பணியாளர் பிரிவின் இடமாற்ற ஆணையும் சேவையகத்தின் குழு உறுப்பினர் மாற்றமும் ஒரே நாளில் நிகழும்படி இணைப்பது தொழில்நுட்பத்தில் எளிது. அது நிகழ இரு பிரிவுகள் பேசிக்கொள்ள வேண்டும் என்பதே கடினம்.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்றுண்டு. ஷேர்பாயிண்டுக்குப் பயனர் அல்லது கருவி வாரியாக உரிமக்கட்டணம் உண்டு. எனவே யாருக்குக் கணக்கு வழங்குவது என்பது செலவாகிறது. கணக்கற்றவர் பட்டியலில் ஒப்பந்தத் தொழிலாளர் முதலிடம் பெறுவது எந்தத் தொழிலகத்திலும் எளிதில் நிகழக்கூடியது. ஆனால் நிலக்கரிச் சுரங்க ஒழுங்குமுறைகள் 2017இல் கட்டாயமாக்கிய பாதுகாப்பு மேலாண்மைத் திட்டம், இடர் நேரும் இடத்தில் நிற்பவரைச் சென்றடைந்தால்தான் பயன்தரும். திருத்தப்பட்ட செயல்முறைக் குறிப்பு சேவையகத்தில் புதிய பதிப்பாக நிற்க, மூன்று ஆண்டுக்கு முந்தைய அச்சுப்படி கட்டுப்பாட்டு அறைச் சுவரில் தொங்குமாயின், பதிப்புக் கட்டுப்பாடு என்ற வசதியால் பயனில்லை. அச்சிடும் தாளின் அடியில் பதிப்பெண்ணும் செல்லுபடியாகும் நாளும் தாமாகவே பதியுமாறு அமைப்பதும், பாதுகாப்புச் சுற்றறிக்கைகளைக் கணக்கின்றிப் படிக்கத்தக்க பொதுத் திரைகளில் தமிழில் காட்டுவதும் நிர்வாகியின் கடமைப் பட்டியலில் இடம்பெற வேண்டும்.

தமிழ்க் கோப்பின் தனித்தன்மைகள்

மேற்கூறியவை எம்மொழிக்கும் பொது. தமிழ் ஆவணங்கள் சேவையகத்திற்குள் நுழையும்போது எழும் சிக்கல்களை நிறுவுதற் கையேடுகள் பேசுவதில்லை.

முதலாவது குறியேற்றம். ஒருங்குறியில் தமிழ் 1991 முதல் இடம்பெற்றிருந்தும், தமிழக அரசு 2010 சூன் மாதம் கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டியே ஒருங்குறியையும் 16 பிட் அனைத்தெழுத்துக் குறியேற்றத்தையும் தரமாக ஏற்றது. அதற்கு முந்தைய கோப்புகள், பிந்தையவற்றுள்ளும் பல, வானவில் அவ்வையார், பாமினி போன்ற எழுத்துருக்களைச் சார்ந்தவை. அவற்றில் திரையில் தோன்றுவது தமிழ். உள்ளே சேமிக்கப்பட்டிருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த கோவை. சேவையகத்தின் தேடல் நிரல் எழுத்துருவைக் காண்பதில்லை, கோவையை மட்டுமே காண்கிறது. ஆகவே 'நெய்வேலி' எனத் தேடுபவருக்கு அச்சொல் நூறு முறை வரும் கோப்பும் அகப்படாது. ஒற்றைக்கொம்பை மெய்க்கு முன் தட்டச்சிடும் பழைய முறைக்கும், பின் சேமிக்கும் ஒருங்குறி முறைக்கும் உள்ள வேறுபாட்டால், எழுத்துக்கு எழுத்து மாற்றும் எளிய நிரலும் பிழைபடும். கோப்புகளைப் பதிவேற்றும் முன்பே குறியேற்ற மாற்றம் செய்வதும், மூலக்கோப்பையும் மாற்றியதையும் இணைத்து வைப்பதும் இன்றியமையாதன. பதிவேற்றியபின் மாற்றலாம் என ஒத்திவைத்தது பெரும்பாலும் மாற்றப்படுவதேயில்லை.

இரண்டாவது பெயரின் நீளம். 'நெய்வேலி' நான்கெழுத்துச் சொல். ஒருங்குறியில் அது 8 குறியெண்கள், யூ.டி.எஃப்.-8 முறையில் ஒவ்வொரு குறியெண்ணுக்கும் 3 பைட்டுகள் வீதம் 24 பைட்டுகள். ஆங்கிலத்தில் அதே பெயர் 7 பைட்டுகளில் அடங்கும். லினக்ஸ் சேவையகங்களில் பரவலான இ.எக்ஸ்.டி.4 கோப்பு முறைமை ஒரு பெயருக்கு 255 பைட்டுகளை மட்டுமே அனுமதிக்கிறது. அதாவது 85 தமிழ்க் குறியெண்கள்; அவற்றுள் கொம்பும் கொக்கியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படும். அலுவலகத் தமிழின் நீண்ட பொருட்குறிப்பை அப்படியே கோப்புப் பெயராக இடும் பழக்கம் இங்கு முட்டிக்கொள்கிறது. இணைய முகவரியாக மாறும்போது ஒவ்வொரு பைட்டும் மூன்று வரியுருவாகி, 'நெய்வேலி' மட்டும் 72 இடங்களை நிரப்பும். கோப்புப் பெயரில் ந.க.எண்ணும் ஆண்டும் மட்டும் இருக்க, தமிழ்த் தலைப்பு மேல்தரவுப் புலத்தில் முழுமையாக அமைவதே தக்கது. பழைய பதிவறை எண்ணால் அடுக்கி, பொருளைப் பதிவேட்டில் எழுதியதும் இதே முறையே.

மூன்றாவது, கண்ணுக்கு ஒன்றாகவும் கணினிக்கு வேறாகவும் உள்ள வடிவங்கள். 'கோப்பு' என்ற சொல்லின் முதலெழுத்தை ககரத்தோடு ஓகாரக்குறி என ஒரே குறியெண்ணாலும் எழுதலாம். ஏகாரக்குறியும் காலும் என இரண்டாலும் எழுதலாம். ஒருங்குறித் தரம் இவ்விரண்டையும் நிகரானவை என்கிறது. பைட்டுகளை மட்டும் ஒப்பிடும் கோப்பு முறைமைக்கோ இவை இருவேறு பெயர்கள். ஒரே கோப்புறையில் ஒரே பெயருடன் இரு கோப்புகள் நிற்கும் விந்தை இவ்வாறு நிகழ்கிறது. ஔகாரத்தின் வலக்குறிக்கு மாற்றாக ளகரத்தையும், காலுக்கு மாற்றாக ரகரத்தையும் தட்டச்சிடும் பிழையை நிகராக்கமும் திருத்தாது. அதற்குத் தனிச் சரிபார்ப்பு வேண்டும்.

நான்காவது அகரவரிசை. தமிழாய்வாளரின் கவனத்தைப் பெரிதும் ஈர்க்க வேண்டிய பகுதி இது. தொல்காப்பிய மரபில் னகரம் எழுத்து வரிசையின் இறுதியில் நிற்பது. ஒருங்குறி அட்டவணையோ இந்திய மொழிகளுக்குப் பொதுவான அடுக்கைப் பின்பற்றி, னகரத்தை நகரத்திற்கு அடுத்தும் றகரத்தை ரகரத்திற்கு அடுத்தும் வைத்துள்ளது. குறியெண் வரிசையில் அடுக்கும் மென்பொருள் 'மனை, மறை, மலை, மழை' எனத் தரும். தமிழ் வரிசை 'மலை, மழை, மறை, மனை' என்பது. புள்ளியின் குறியெண் உயிர்மெய்க் குறிகளுக்கெல்லாம் பின்னால் இருப்பதால் மெய்யெழுத்து முன்வரும் அகராதி மரபும் குலைகிறது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனில் 'பகல்' என்பதற்கு முன்நிற்கும் 'பக்தி' பின்னே போகிறது. பத்துப் பெயர்களில் இது பொருட்டன்று. பல்லாயிரம் பயனாளிகள் பட்டியலில் ஒரு பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இல்லையெனில், 'பெயர் இல்லை' என்ற விடையையே அலுவலர் தருவார். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் 2017இல் வெளிவந்த 10ஆம் பதிப்பு முதல் ஐ.சி.யூ. நிரலகத்தின் ஒப்புமுறைகளைப் பயன்படுத்த இடந்தருகிறது. அவற்றுள் தமிழுக்குரியதும் உண்டு. தரவுத்தளத்தை உருவாக்கும்போதே இதனைத் தெரிவு செய்வது நன்று. பின்னர் மாற்றினால் சுட்டுகள் அனைத்தையும் மீண்டும் கட்ட நேரும்.

ஐந்தாவது தேடல். 'நிலம்' என்று தேடுபவர்க்கு 'நிலத்தை', 'நிலத்திற்கு', 'நிலங்களின்' என வரும் கோப்புகளும் வேண்டும். ஒட்டுநிலை மொழியான தமிழில் வேற்றுமையேற்ற வடிவங்களே ஆவணங்களில் மிகுதி. சொல்லின் விகுதிகளைக் களைந்து சுட்டு அமைக்கும் தமிழ் நிரல் ஸ்னோபால் தொகுப்பில் உள்ளது. போஸ்ட்கிரெஸின் 12ஆம் பதிப்பு அதனை 2019இல் சேர்த்துக்கொண்டது. எனினும் சாரியையும் புணர்ச்சியும் அடுக்குவிகுதியும் மலிந்த அலுவலகத் தமிழுக்கு அது போதியதன்று. உருபனியல் ஆய்வுகள் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளிலிருந்து சேவையகத்தை வந்தடைய வேண்டிய இடம் இது.

வருடிய காகிதங்களைப் பற்றியும் ஒரு குறிப்பு அவசியம். 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முன் அச்சான ஆவணங்களில் ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஆகியன பழைய வடிவில் உள்ளன. இன்றைய அச்செழுத்துகளைக் கொண்டு பயிற்றுவித்த எழுத்துணரி இவற்றில் தடுமாறும். நெய்வேலியின் தொடக்கக்கால நிலக்கோப்புகள் அனைத்தும் அக்காலத்தவை. கையெழுத்து மனுக்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

மேல்தரவு: ஒரு நிலக்கோப்பின் வழி

இவையெல்லாம் யாருக்காக என்பதை ஒரு சூழலைக் கொண்டு விளக்கலாம். 1960களில் நிலம் எடுக்கப்பட்ட ஒருவரின் பேரன் இன்று இழப்பீடு அல்லது வேலை குறித்த உரிமை கோரித் தகவல் கேட்கிறார் எனக் கொள்வோம். அவர் கேட்பது 'கடலூர் மாவட்டம்' சார்ந்த கோப்பு. அக்கோப்பு உருவான காலத்தில் அம்மாவட்டம் இல்லை. 1993 வரை அது தென்னார்க்காடு மாவட்டம். பாட்டன் பெயர் பட்டாவில் 'கோவிந்தசாமி', மனுவில் 'கோவிந்தஸ்வாமி', ஆங்கிலத் தீர்வத்தில் வேறு எழுத்துக்கூட்டல். முன்னெழுத்து தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் மற்றொன்று. எடுப்பு நடந்தது 1894ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ். இன்று நடைமுறையிலுள்ளது 2013ஆம் ஆண்டுச் சட்டம். எழுத்துத் தேடலால் மட்டும் இக்கோப்பை எட்ட இயலாது.

மாறாத அடையாளங்களை மேல்தரவாகக் கொள்வதே தீர்வு: வருவாய்க் கிராமம், சர்வே எண்ணும் உட்பிரிவும், தீர்வத்தின் எண்ணும் நாளும். கிராமப் பெயரைத் தட்டச்சிட விடாமல் கட்டுப்படுத்திய சொற்பட்டியலிலிருந்து தெரிவு செய்யுமாறு அமைத்து, பழைய மாவட்டம், வட்டம், மாற்றெழுத்துக்கூட்டல் ஆகியவற்றை அப்பட்டியலில் இணைச்சொற்களாக ஏற்ற வேண்டும். ஷேர்பாயிண்டின் சொற்களஞ்சியச் சேவை இதற்கென்றே உள்ளது. மேல்வளையமாதேவி, கீழ்வளையமாதேவி, கத்தாழை, கரிவெட்டி எனக் கிராமந்தோறும் இப்பட்டியலை உருவாக்குவது கணினிப் பொறியாளரால் ஆகாது. கிராமக் கணக்கை அறிந்த வருவாய்த்துறை ஊழியரும், ஊர்ப்பெயராய்வு தெரிந்தவரும் உடனிருக்க வேண்டிய வேலை அது. நிறுவுதல் சில வாரங்களில் முடிய, இப்பணி ஆண்டுக்கணக்கில் நீள்வது இயல்பே. திட்ட மதிப்பீடுகளோ முன்னதற்கே பணம் ஒதுக்குகின்றன.

நாள்தோறும் நிர்வாகம்

2025 சூலையில் சொந்த வளாகங்களில் இயங்கிய ஷேர்பாயிண்ட் சேவையகங்கள் உலகெங்கும் தாக்கப்பட்டன. சி.வி.இ.-2025-53770 என எண்ணிட்ட பிழையின் வழியாகக் கடவுச்சொல்லின்றி நுழைந்தவர்கள், சேவையகத்தின் மறைக்குறித் திறவுகளைக் கவர்ந்து சென்றனர். பாதுகாப்புத் திருத்தத்தை இட்டபின்னும் கவர்ந்த திறவுகொண்டு மீண்டும் நுழைய முடிந்ததால், திறவுகளையும் மாற்றி இணையச் சேவையை மறுதொடக்கம் செய்யுமாறு மைக்ரோசாஃப்ட் அறிவுறுத்தியது. திருத்தம் இட்டதோடு கடமை முடிந்தது என்றிருந்தவர்களின் கதவு திறந்தே கிடந்தது. ஷேர்பாயிண்டின் 2016, 2019 பதிப்புகளுக்கான ஆதரவு 2026 சூலை 14ஆம் நாளோடு முடியும் என அறிவிக்கப்பட்டது. அதற்குப்பின் அவற்றை இணையத்தை நோக்கித் திறந்து வைப்பது ஏற்கத்தக்கதன்று.

இந்தியக் கணினி அவசரநிலை எதிர்வினைக் குழு 2022 ஏப்ரல் 28இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, குறிப்பிட்ட வகை இணையப் பாதுகாப்பு நிகழ்வுகளை அறிந்த 6 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும். நிகழ்வுப் பதிவுகளை 180 நாள் பேண வேண்டும். கணினிகளின் கடிகாரத்தைத் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்திசைக்க வேண்டும். கடிகார விதி சிறிதெனத் தோன்றலாம். எந்தக் கணக்கு எப்போது எக்கோப்பைத் திறந்தது என்பதை மூன்று சேவையகங்களின் பதிவுகளைக் கோத்துக் காணும்போது, சில நிமிட வேறுபாடும் வரிசையைத் தலைகீழாக்கிவிடும்.

காப்புப்படி குறித்து நெய்வேலியின் நில அமைப்பே பாடம் தருகிறது. 2011 திசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர், புதுச்சேரிக்கு இடையே கரையைக் கடந்தபோது இப்பகுதியின் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன, மின்கம்பங்களும் வீழ்ந்தன. மின்சாரம் உற்பத்தியாகும் ஊர் என்பதால் சேவையகத்திற்கு மின்சாரம் உறுதி எனக் கொள்ளலாகாது. இரண்டாம் படியை அதே நகரியத்தின் மற்றொரு வட்டத்தில் வைப்பது தீ விபத்திற்குக் காப்பாகலாம், புயலுக்கு ஆகாது. சென்னையும் 2015 திசம்பரில் நீரில் மூழ்கிய நகரமே. பர்சிங்சர் போன்று தட்பவெப்பத்தாலும் தொலைவாலும் முற்றிலும் வேறுபட்ட இடத்தில் அலுவலகம் உடைய நிறுவனத்திற்கு இது எளிது. படி எடுத்தலைவிட மீட்டுப் பார்த்தலே முதன்மையானது. தமிழ்க் கோப்புகளைப் பொறுத்தவரை மீட்டபின் பெயர்கள் கேள்விக்குறிகளாகவோ கட்டங்களாகவோ மாறாமல் உள்ளனவா என்பதையும் சோதனையில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பைட்டுகளின் எண்ணிக்கை சரியாக இருந்தும் பெயர்கள் சிதைவதுண்டு.

இறுதியாக அழித்தல். ஷேர்பாயிண்ட் சேவையகத்தில் நீக்கிய கோப்பு இயல்பமைப்பின்படி 30 நாள் மீள்சுழற்சித் தொட்டியில் தங்கிப் பின் மறையும். வருவாய்த்துறைப் பதிவறையில் ஒவ்வொரு கோப்பும் முடிவுறும்போதே நிரந்தரம், பத்தாண்டு, மூன்றாண்டு, ஓராண்டு என அதன் ஆயுள் குறிக்கப்பட்டது. குறித்தவரின் ஒப்பமும் அதிலிருந்தது. 30 நாள் என்பதை எவரும் குறிக்கவில்லை. மென்பொருள் தானே கொண்டுவந்தது. பொதுப் பதிவேடுகள் சட்டம் ஒவ்வொரு நிறுவனமும் பதிவேட்டு அலுவலர் ஒருவரை நியமிக்கவும், 25 ஆண்டுக்கு மேற்பட்ட பதிவேடுகளை இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தோடு கலந்து மதிப்பிடவும் பணிக்கிறது. ஆகவே ஆவணநூலகம் ஒன்றை உருவாக்கும் படிவத்திலேயே ஆயுட்காலம் கட்டாயப் புலமாக இருத்தல் வேண்டும். காலம் முடிந்தவற்றைச் சேவையகம் தானே அழிக்காமல் பட்டியலாக்கிப் பதிவேட்டு அலுவலருக்கு அனுப்ப வேண்டும். அவர் ஒப்பமிடும்வரை கோப்பு தன் இடத்திலேயே இருக்கும். 2020இல் முதல் அனல்மின் நிலையம் ஓய்வுபெற்றது. அதன் பராமரிப்புக் குறிப்புகளுள் எவை போகலாம், கொதிகலனுக்கு அருகில் பணிபுரிந்தவர்களின் மருத்துவப் பதிவுகள் எத்தனை ஆண்டு இருக்க வேண்டும் என்னும் வினாக்களுக்குச் சேவையகம் விடை தராது. அப்பட்டியலைப் பெறும் அலுவலர் யார் என்பதை நிறுவும் நாளிலேயே எழுதி வைத்திருக்க வேண்டும்.